தாய்க்கோது

நூறு யாரில் ஐந்து வெடி.
நடுவில் விழ வேண்டுமென்றில்லை,
ஐந்தும் ஒன்றையொன்று விட்டு விலகாதிருந்தால் போதும்.
இந்தப் போட்டியில் எனக்குப் பிடித்த சட்டம் அது.

மணற்பை துவக்கைத் தாங்கும்,
மேசை மணற்பையை.
எனக்கென்று மிஞ்சுவது ஒரு விரல், அரை மூச்சு,
பிறகு தோட்டா.

"கடத் தோட்டா சரிவராது, மிஸ்"
என்றார் பகுர்டீன், பஞ்சிகாவத்தையில்,
கடைசல் இயந்திரத்தை நிறுத்தாமலே.
"வேறொண்ட கோத எடுத்துக் கழுத்த ஒடுக்கோணும்,
தோள அகட்டோணும்.
கம்பனி செய்யாது, நாமதான்.
காட்டுப்பூனை எண்டு சொல்றது அத."

நான் பல் செய்கிறவள்.
கொட்டாஞ்சேனையில் பேக்கரிக்கு மேலே
மெழுகும் பீங்கானும் பாண் வாசனையும்.
கிரீடம் ஒரு மயிரளவு உயர்ந்தாலும்
கடித்தவுடன் வாய் சொல்லிவிடும்.
பித்தளைக் கழுத்தைச் சுற்றிச் சுற்றிச் சீவி
எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பாக்குவது
எனக்குப் புதிய வேலையல்ல.

ஆறு மில்லிமீற்றரா, முப்பதா?
மூன்று கிழமை தூங்கவில்லை.
முப்பது பெரிய துளை போடும்,
கோட்டை விளிம்பு உரசினாலே மேல் வளையத்துப் புள்ளி,
புள்ளிக்காரருக்கு அது வாய்ப்பு.
ஆறு சின்னது. தோளை உதைக்காது.
ஐந்து வெடியும் ஒரே துளைக்குள் போய்
ஒளிந்துகொள்ளும் என்கிறார்கள்.
துறைமுகக் காற்றின் உப்பீரத்தில்
மருந்து எதற்குப் பொறுக்கும், எதற்குப் பொறுக்காது
என்றொரு கொப்பி நிறையக் கணக்கு.

ஆறு என்று முடிவெடுத்த அன்று
அதன் தாய்க்கோது எது என்று கேட்டேன்.
பகுர்டீன் இயந்திரத்தை நிறுத்தினார்.
"ரஷ்யாக்காரண்ட சின்னக் கோது.
அதுக்குத் தாய்...
ரீ ஐம்பத்தாறு தெரியுந்தானே மிஸ்?"

தெரியும்.
ஆமர் வீதிச் சாவடியில், இரண்டாயிரத்தேழில்,
ஒரு பெடியன் என் பையைத் தலைகீழாகக் கொட்டினான்.
பதினொரு பிளாஸ்டர் பல்வரிசை தாரில் உருண்டன,
சில இளித்தபடி.
அவன் ஓரடி பின்வாங்கினான்.
தோளில் தொங்கியது என் பக்கம் திரும்பியது.
பிறகு அவனே குனிந்து பொறுக்கினான்,
"சமாவென்ன அக்கே",
ஒரு கீழ்த்தாடை மட்டும் அகப்படவில்லை.
முகத்துவாரத்து ஆசிரியை ஒருவருக்கு
மீண்டும் அச்செடுக்க வேண்டியிருந்தது.

சரி, முப்பதே ஆகட்டும் என்றேன்.
பகுர்டீன் சிரித்தார்.
"அதுட பரம்பரையும் பட்டாளந்தான், வெள்ளக்காரப் பட்டாளம்.
பட்டாளத்துல பொறக்காத கோதத் தேடினா
உங்களுக்குக் கவண்தான் மிச்சம்."

ஆறையே எழுதினேன்.
அமைச்சுப் படிவத்தில் ஏழாம் கூடு:
உற்பத்தியாளர் பெயர்.
நிரஞ்சலா பிலேந்திரன்.
எட்டு: உற்பத்தியான நாடு.
யோசித்து, கொழும்பு என்று போட்டேன்,
அது நாடில்லை என்று திருப்பித் தந்தார்கள்.
பதினொன்று: இதனால் எதைச் சுடுவீர்?
கடதாசி.
ஹெட்டிகே அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தா.
"கடதாசி விதறாய்?"
கடதாசி மட்டும்.

வகை என்ற இடத்தில்
நான் எழுதியிருந்த காட்டுப்பூனையை
யாரோ நேர்மையாகச் சிங்களப்படுத்தியிருக்கிறார்கள்.
கோப்பு இப்போது
வனசீவராசிகள் திணைக்களத்தில் இருக்கிறது.
மிருகம் உயிருடன் உள்ளதா என்று கேட்டுக்
கடிதம் வந்திருக்கிறது.

பதில் இன்னும் எழுதவில்லை.
மாதிரிக்கென்று பகுர்டீன் தந்த வெற்றுக் கோது
மேசையில் நிற்கிறது, மருந்தில்லாமல்,
நாளை கொடுக்க வேண்டிய கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில்.
தோள் இன்னும் பழைய தோள்தான்.
முதல் வெடியில்தான் அது அகலும்,
அறையின் உருவத்துக்கு.
கழுத்தை அளந்தேன்.
ஒரு பக்கம் கொஞ்சம் தடிப்பு.